பாசியில் பணம் போடும் முன்: சேலத்திலிருந்து ஒரு கணக்கு

பாசியிலிருந்து எரிபொருள் எடுக்கும் கம்பெனிகளில் பணம் போடலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களில் பாதிப் பேர் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரர்கள். அதற்குக் காரணம் உண்டு. ஆலைக்குப் பின்னால் கழிவுநீர்க் குட்டை இருக்கும், அதன் ஓரத்தில் பச்சை படர்ந்திருக்கும். அந்தப் பச்சையிலிருந்து டீசல் வரும் என்று யாராவது வந்து சொன்னால் காது கொடுத்துக் கேட்கத்தான் தோன்றும். சேலத்தில் இருந்துகொண்டு ஆத்தூர் ரோட்டில் உள்ள சில ஆலைகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். சொந்தப் பணத்தைப் பங்குச் சந்தையில் போட்டும் வருகிறேன். இரண்டும் சேர்ந்ததால் பாசிக் கம்பெனிகளின் கதையைப் பல வருடமாக விடாமல் பின்தொடர்ந்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாசி மேல் நம்பிக்கை உண்டு. நல்ல நிலம் வேண்டாம், மழையை எதிர்பார்க்க வேண்டாம், ஒரு நாளைக்குள் இரட்டிப்பாகும் ரகங்கள் இருக்கின்றன. ஆனால் பாசியில் சம்பாதித்த கம்பெனிகளையும் பணத்தைக் கரைத்த கம்பெனிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விஞ்ஞானம் இரண்டு பக்கமும் நன்றாகவே இருக்கிறது. வித்தியாசம், தயாரித்த பொருள் கிலோ என்ன விலைக்குப் போனது என்பதில்தான்.

இந்தக் கணக்கை நான் உட்கார்ந்து போட்டது ஓர் ஆலை அதிபருக்காக. பல வருடமாகக் குச்சிக்கிழங்கு அரைத்து ஜவ்வரிசி போட்டு வருகிறவர், எதிலும் அவசரப்படாதவர். வெளிமாநிலக் கம்பெனி ஒன்று அவரிடம் வழவழப்பான புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. இரண்டு ஏக்கரில் தொட்டி கட்ட வேண்டும், விதைப்பாசியும் இயந்திரமும் அவர்களே தருவார்கள், முன்பணம் கட்ட வேண்டும், விளைந்த பாசியை அவர்களே திரும்ப வாங்கி எண்ணெய் எடுத்துக்கொள்வார்கள். கூடவே கம்பெனியின் பங்கும் கொஞ்சம் தருவார்களாம்.

"அம்மிணி, படமெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்காங்க. கணக்கு நெசமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

புத்தகத்தில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு 50 கிராம் பாசி, அதில் 60 சதவீதம் எண்ணெய் என்று இருந்தது. இந்த இரண்டு எண்களையும் தனித்தனியாகப் பார்த்தால் பொய் என்று சொல்லிவிட முடியாது. சோதனைக்கூடத்தில், சில ரகங்களில், சில நாட்களில் எட்டப்பட்டவைதான். சிக்கல், இரண்டையும் பெருக்கியதில் இருக்கிறது. நுண்பாசி நிறைய எண்ணெய் சேர்ப்பது எப்போது என்றால், நைட்ரஜன் போன்ற சத்து கிடைக்காமல் வாடும்போது. அப்போது அது வளர்வதை நிறுத்திவிடும். நன்றாக வளரும் பாசியில் எண்ணெய் குறைவு. ஒரே மாட்டை நாள் முழுக்க ஏரில் ஓட்டி, அதே நாளில் முழுப்பாலும் கறந்ததாகக் கணக்கு எழுதுவதைப் போன்றது இது. பாசிக் கம்பெனியின் எந்த அறிக்கையைக் கையில் எடுத்தாலும், வளர்ச்சி அளவும் எண்ணெய் அளவும் ஒரே குளத்தில் ஒரே காலத்தில் எடுத்தவையா என்றுதான் முதலில் தேடுவேன்.

திறந்த குளத்தில் வருடம் முழுக்கச் சராசரியாக 20 கிராம் கிடைத்தாலே நல்ல விளைச்சல். எண்ணெயை 25 சதவீதம் என்று வைப்போம். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். ஆக ஒரு நாளைக்கு 81 கிலோ உலர்ந்த பாசி, அதில் 20 கிலோ எண்ணெய், அதாவது சுமார் 22 லிட்டர். புத்தகத்தின் கணக்கில் அது 130 லிட்டரைத் தாண்டும். ஆறு மடங்கு வித்தியாசம்.

22 லிட்டரும் ஒன்றும் குறைவில்லை. 2003 வாக்கில் தேசிய பயோடீசல் திட்டம் என்று காட்டாமணக்கு நடச் சொன்னார்களே, அதனோடு ஒப்பிட்டால் ஏக்கருக்குப் பல மடங்கு. ஆனால் அந்த 22 லிட்டரை எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று பார்க்க வேண்டும். குளத்து நீரில் பாசி இருப்பது லிட்டருக்கு அரை கிராம் அளவுதான். கண்ணுக்குக் குழம்பாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது தண்ணீர். 81 கிலோ பாசிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் லிட்டர் தண்ணீரை இறைத்து, வடிகட்டி, திரும்பக் குளத்தில் விட வேண்டும். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் பதிமூன்று லாரி. தினமும்.

அப்புறம் நம் ஊர் வெயில். கோடையில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாகும் என்றால், ஏக்கருக்கு இருபத்துநாலாயிரம் லிட்டர். இரண்டு லாரித் தண்ணீர் ஆகாயத்தில் போய்விடும். ஆயிரம் அடி போர் போட்டும் காற்று வருகிற ஊரில், 22 லிட்டர் எண்ணெய்க்கு இரண்டு லாரித் தண்ணீர் என்று சொன்னதும் அந்த ஆலை அதிபர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கரியமில வாயுவும் வேண்டும். ஒரு கிலோ பாசிக்குச் சுமார் 1.8 கிலோ. காற்றில் இருப்பது 0.04 சதவீதம்தான், அது போதாது. அதனால்தான் இந்தக் கம்பெனிகள் அனல் மின் நிலையத்துப் புகையைப் பற்றிப் பேசும். நம்மிடம் வந்தவர்களும் மேட்டூரைக் காட்டினார்கள். மேட்டூர் புகை ஆத்தூர் பக்கம் வராது, குழாய் போட்டுக் கொண்டுவந்தால் குழாய்க்கே சொத்தை விற்க வேண்டும்.

சரி, இந்த 22 லிட்டருக்கு என்ன கிடைக்கும்? பெட்ரோல் பங்கில் டீசல் தொண்ணூறு ரூபாயைத் தாண்டி விற்றாலும், வரியைக் கழித்தால் லிட்டருக்கு ஐம்பது, ஐம்பத்தைந்துதான் பொருளின் விலை. ஒரு ஏக்கருக்கு நாளைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். அதிலிருந்து மின்சாரம், உரம், ஆள் கூலி, வடிகட்டும் செலவு, கடனுக்கு வட்டி.

ஆலைக் கழிவுநீரிலேயே வளர்க்கலாமே என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. சேகோ கழிவுநீர் புளிப்பு நீர், அமிலத்தன்மை உள்ளது, கரைந்த மாவுச்சத்தும் நிறைய. அதை அப்படியே குளத்தில் விட்டால் பாசியை முந்திக்கொண்டு பாக்டீரியா பெருகிவிடும். முதலில் சாண எரிவாயு மாதிரி மூடிய தொட்டியில் விட்டு வாயு எடுத்துக்கொண்டு, அதன் பிறகு வெளியே வரும் நீரில் பாசி வளர்த்துச் சுத்திகரிக்கலாம். அந்த வழி உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் அதில் காசு வாயுவில்தான் இருக்கிறது. அவர் பணத்தை அங்கேதான் போட்டார். இப்போது கொதிகலனுக்கு விறகுச் செலவு குறைந்திருக்கிறது.

அதே வாரத்தில் வாழப்பாடிப் பக்கம் சுருள்பாசி வளர்க்கும் ஓர் அக்காவைப் போய்ப் பார்த்தேன். ஸ்பைருலினா என்று மருந்துக்கடையில் விற்கிறார்களே, அதுதான். தகரக் கூரைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் விரித்த ஆறு தொட்டிகள், முழங்கால் அளவுகூட ஆழமில்லை. கரும்பச்சை நீர். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே அறுவடை. நீரை மொண்டு மெல்லிய துணியில் ஊற்றுகிறார், நீர் இறங்கிவிடுகிறது, பச்சைக் கூழ் மேலே தங்குகிறது. சுருள் சுருளாக இருக்கும் பாசி என்பதால் துணியே போதும். எண்ணெய்க்கு வளர்க்கும் உருண்டைப் பாசிகளோ துணியில் நிற்காமல் ஓடிவிடும், அதற்கு மையவிலக்கு இயந்திரம் வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்திலேயே பாதிச் செலவு போய்விடுகிறது.

கூழை நல்ல தண்ணீரில் அலசி, துணியோடு கல்லை ஏற்றி அழுத்துகிறார். பிறகு முறுக்கு அச்சில் போட்டு வலைத்தட்டின் மேல் பிழிகிறார். பச்சை நூல் நூலாக விழுகிறது. மாலைக்குள் காய்ந்து நொறுங்கும், அதை அரைத்தால் தூள். கையில் கொஞ்சம் வைத்து முகர்ந்து பார்த்தேன், கருவாட்டுக்கும் வைக்கோலுக்கும் நடுவில் ஒரு வாசம்.

"ஈரம் ஒரு சொட்டு நின்னாலும் மறுநாள் நாறிப் போகும்மா. வாங்கறவங்க மூக்குலதான் தரம் பாக்கறாங்க" என்றார். தொட்டி நீரில் சமையல் சோடா போட்டுக் காரத்தன்மையை (பிஎச்) 9, 10 அளவில் வைத்திருக்கிறார். அந்தக் காரத்தில் வேறு உயிர்கள் அதிகம் வளராது, அதுதான் இந்தப் பாசிக்குக் காவல். 30 முதல் 37 டிகிரி வெப்பம் வேண்டும், சேலத்துக்கு அது பொருந்தும். (ஏற்காட்டில் காபித் தோட்டத்து நிலத்தில் தொட்டி போடலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். அந்தக் குளிரில் பாசி படுத்துவிடும், மூடுபனியில் காயவும் காயாது.)

அவருக்கு மொத்த வியாபாரி கொடுத்தது கிலோவுக்கு ஐந்நூறு ரூபாய்ப் பக்கம். மேலே போட்ட ஏக்கர் கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். விளைச்சல் பாதிதான், நாளைக்கு 40 கிலோ என்றே வைத்தாலும் இருபதாயிரம் ரூபாய். எண்ணெய்க்கு ஆயிரத்து இருநூறு. அதே வெயில், அதே தண்ணீர், அதே உழைப்பு.

இருபதாயிரமும் லாபம் அல்ல, அதையும் சொல்ல வேண்டும். உலகில் அதிகமாக ஸ்பைருலினா தயாரிப்பது சீனா. நம் ஊரில் எல்லோரும் தொட்டி கட்டினால் வாங்க ஆள் இருக்காது. இந்த அக்கா தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், தூளில் கொஞ்சத்தைக் கடலை மிட்டாயிலும் சத்துமாவிலும் கலந்து தானே விற்பதுதான்.

இப்போது கம்பெனிகளுக்கு வருகிறேன். மேலே உள்ள கணக்கு மனதில் இருந்தால் இந்தக் கதைகள் தானாகப் புரியும்.

அமெரிக்க அரசு 1978இலேயே இதை ஆராயத் தொடங்கியது. சுமார் 2.5 கோடி டாலர் செலவழித்து, 1996இல் நிறுத்திவிட்டு, 1998இல் பெரிய அறிக்கை வெளியிட்டது. பாசி எண்ணெய் எடுக்க முடியும், ஆனால் அன்றைய கச்சா எண்ணெய் விலையோடு போட்டி போட முடியாது என்பதுதான் சாரம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பாசி எரிபொருளில் பணம் போட நினைப்பவர்கள் அதைப் படித்த பிறகே காசோலையில் கையெழுத்துப் போட வேண்டும் என்பேன்.

2008இல் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டதும் எல்லாம் மறுபடி தொடங்கியது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக வட்டாரத்தில் பிறந்த கிரீன்ஃப்யூல் டெக்னாலஜீஸ் என்ற கம்பெனி, மின் நிலையப் புகையில் பாசி வளர்த்தது. அரிசோனாவில் பாசி நன்றாகவே வளர்ந்தது, அறுவடை செய்ய முடிந்ததைவிட வேகமாக வளர்ந்து அழுகியது, செலவோ நினைத்ததைப் போல இரண்டு மடங்கு. 2009இல் மூடினார்கள். அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி எக்ஸான்மொபில் அதே 2009இல் மரபணு விஞ்ஞானி கிரெய்க் வென்டரின் சிந்தெடிக் ஜீனோமிக்ஸ் கம்பெனியோடு சேர்ந்து 60 கோடி டாலர் வரை போடுவதாக அறிவித்தது. 2013இல் அதன் தலைவர் ரெக்ஸ் டில்லர்சன், இது நடைமுறைக்கு வர இன்னும் 25 வருடத்துக்கும் மேல் ஆகலாம் என்றார். 2018இல், 2025க்குள் நாளொன்றுக்கு 10,000 பீப்பாய் எடுக்கும் திறன் வரும் என்று இலக்கு வைத்தார்கள். 2023 தொடக்கத்தில் விலகிவிட்டார்கள். எண்ணெய்க் கம்பெனியின் விளம்பரத்தில் பச்சைக் குடுவையைப் பார்த்து அதன் பங்கை வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு அந்தத் தொகை ஆராய்ச்சிச் செலவின் ஒரு மூலை.

நான் அதிக நேரம் செலவழித்துப் படித்தது சோலாசைம் என்ற அமெரிக்கக் கம்பெனியின் அறிக்கைகளை. சேகோத் தொழிலோடு அதற்கு ஒரு தொடர்பு உண்டு. வெயிலில் குளம் வைக்காமல், இருட்டில் மூடிய இரும்புத் தொட்டியில் பாசிக்குச் சர்க்கரை ஊட்டி எண்ணெய் எடுத்தவர்கள் அவர்கள். மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை என்பதால் எனக்கு ஆர்வம். 2011 மே மாதம் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் 18 டாலருக்குப் பங்கு வெளியிட்டார்கள். அதே வருடம் நவம்பரில் அவர்களின் எரிபொருள் கலந்து யுனைடெட் விமானம் ஹூஸ்டனிலிருந்து சிகாகோவுக்குப் பறந்தது. அமெரிக்கக் கடற்படை 2012 பயிற்சிக்காக இவர்களிடமும் டைனமிக் ஃப்யூல்ஸ் என்ற கம்பெனியிடமும் சேர்த்து 4,50,000 கேலன் வாங்கியது. ஒப்பந்தத் தொகை 1.2 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள், கேலன் 26 டாலருக்கு மேல். சாதாரண எரிபொருள் அப்போது நாலு டாலருக்குள்.

செய்தித்தாளில் விமானமும் கப்பலும் வந்துகொண்டிருந்தன. கணக்கில் வேறு ஒன்று தெரிந்தது. சர்க்கரை ஊட்டி எண்ணெய் எடுத்தால், ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று கிலோவுக்கு மேல் சர்க்கரை வேண்டும். உயிரின் வேதியியலே அப்படி, எவ்வளவு திறமை இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது. கிலோ நாற்பது ரூபாய்ச் சர்க்கரை என்றால், சர்க்கரைக்கு மட்டும் 120 ரூபாய். அதை டீசலாக விற்க எந்த வழியும் இல்லை. கம்பெனிக்கும் இது தெரிந்திருந்தது. முகக் கிரீம், சமையல் எண்ணெய், எண்ணெய்க் கிணறு தோண்டும் மசகு என்று ஒவ்வொன்றாகப் போனார்கள். ஆனால் பிரேசிலில் பங்கி கம்பெனியோடு சேர்ந்து மோயேமாவில் கட்டிய ஆலையின் அளவு, பழைய எரிபொருள் கனவுக்கேற்ற அளவு. 2014 நவம்பரில் உற்பத்தி இலக்கைக் குறைப்பதாகச் சொன்னதும் பங்கு ஒரே நாளில் பாதிக்கு மேல் விழுந்தது. கச்சா எண்ணெயும் சரிந்துகொண்டிருந்ததால் மசகு வியாபாரமும் படுத்தது. 2016இல் டெர்ராவியா என்று பெயர் மாற்றி உணவுக் கம்பெனி ஆனார்கள். 2017 ஆகஸ்டில் திவால் மனு. நெதர்லாந்தின் கார்பியன் 2 கோடி டாலருக்கு அதன் சொத்துகளையும் தொழில்நுட்பத்தையும் வாங்கிக்கொண்டது. பழைய பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அமெரிக்கத் திவால் முறையில் கடன் கொடுத்தவர்களும் பத்திரம் வைத்திருப்பவர்களும் முன்னால் நிற்பார்கள், பங்கு வைத்திருப்பவர் வரிசையின் கடைசி.

இதற்கு எதிர்ப்பக்கம் மார்டெக். இதுவும் இருட்டுத் தொட்டி, இதுவும் சர்க்கரை. விண்வெளி வீரர்களுக்குப் பாசி உதவுமா என்று பார்த்த ஆராய்ச்சியிலிருந்து 1985இல் பிரிந்து வந்த கம்பெனி. அவர்கள் எடுத்தது டிஎச்ஏ என்ற கொழுப்பு, மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3. குழந்தைகளுக்கான பால் பவுடரில் சேர்க்கிறார்கள். 2011இல், அதாவது சோலாசைம் சந்தைக்கு வந்த அதே வருடத்தில், நெதர்லாந்தின் டிஎஸ்எம் கம்பெனி மார்டெக்கை 109 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரே மாதிரித் தொட்டி. ஒன்றின் பொருள் பெட்ரோல் பங்கோடு போட்டி போட்டது, மற்றது தாய்மார்கள் விலை பார்க்காமல் வாங்கும் டப்பாவுக்குள் போனது.

இதையெல்லாம் படித்த பிறகு நான் பழகிக்கொண்ட வழி எளிது. பாசிக் கம்பெனி எதுவானாலும் ஆண்டறிக்கையில் தொழில்வாரி வருமானம் இருக்கும் பக்கத்துக்கு நேராகப் போவேன். இந்த மாதச் சம்பளத்தை எந்தப் பொருள் கொடுக்கிறது? ஜப்பானின் யூக்ளினா நல்ல உதாரணம். விமான எரிபொருளுக்காகச் செய்தியில் வரும் கம்பெனி, ஆனால் காசு வருவது ஆரோக்கிய உணவிலும் அழகுசாதனத்திலும். மலேசியாவில் பெட்ரோனாஸ், எனி ஆகிய எண்ணெய்க் கம்பெனிகளோடு சேர்ந்து கையில் எடுத்திருக்கும் எரிபொருள் ஆலைக்கும் பெரும்பாலும் பயன்படுத்திய சமையல் எண்ணெய் போன்ற கழிவுக் கொழுப்புகள்தான் மூலப்பொருள். இது ஏமாற்று இல்லை, வெளிப்படையாகவே சொல்கிறார்கள். ஆனால் பாசி எரிபொருள் என்று நினைத்து வாங்குகிறவர் உண்மையில் எதை வாங்குகிறார் என்பது அந்தப் பக்கத்தில்தான் தெரியும்.

நம் சந்தையிலும் அப்படித்தான். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் ஈஐடி பாரி பெரிய அளவில் ஸ்பைருலினா வளர்க்கிறது. முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி. சேஷாத்ரி இந்தப் பாசியைக் கிராமத்துப் பெண்கள் வளர்க்கும் அளவுக்கு எளிமையாக்கிய உழைப்பு இதற்கெல்லாம் அடித்தளம், தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் ஈஐடி பாரியின் பங்கை வாங்கினால் முக்கியமாக உங்கள் கைக்கு வருவது சர்க்கரை ஆலையும், உரக் கம்பெனியான கோரமண்டல் இன்டர்நேஷனலில் அது வைத்திருக்கும் பாதிக்கு மேற்பட்ட பங்கும். ஸ்பைருலினா அதில் சிறு துண்டு. ரிலையன்ஸ் 2015இல் அல்ஜெனால் என்ற அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து ஜாம்நகரில் பாசித் திட்டம் தொடங்கியதும் அதே போல, அந்தப் பங்கை அது அசைக்காது. பாசிக்காகவே ஒரு பங்கு வேண்டும் என்றால் நம் நாட்டுச் சந்தையில் அது கிடைப்பது மிகவும் கடினம்.

வெளிநாட்டுப் பங்கு வாங்குகிறவர்களுக்கு என் தொழில் முறையில் சில வார்த்தைகள். எல்ஆர்எஸ் (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி தரும் அனுமதி) வழியில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வசூலிக்கும் வரி, பிடிக்கும். அது பிறகு வரியில் கழியும், ஆனால் அதுவரை உங்கள் பணம் முடங்கும். வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துக்கான ஷெட்யூல் எஃப்ஏ உண்டு. ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும், அது ஒரு ரூபாய்க்கு விழுந்திருந்தாலும் நிரப்ப வேண்டும். இதில் ஏப்ரல்–மார்ச் கணக்கு கிடையாது, ஜனவரி–டிசம்பர் கணக்கு. விழுந்துபோன பங்கைத்தானே வைத்திருக்கிறோம் என்று எழுதாமல் விடுகிறவர்கள்தான் நோட்டீஸோடு வந்து நிற்கிறார்கள்.

திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று வரும் திட்டங்களைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொல்வேன். 2012இல் ஈமு கோழிப் பண்ணைகள் சாய்ந்தபோது சேலம், ஈரோடு, நாமக்கல் குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் எல்லோரும் பார்த்தோம். அங்கேயும் இதே அமைப்புதான், முன்பணம் கட்டு, வளர்த்துக் கொடு, நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். பாசிக்காக உங்களிடம் வருகிறவரிடம், இதுவரை விளைந்ததை யாருக்கு விற்றீர்கள், ஜிஎஸ்டி பில்லைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். கம்பெனிக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி பொருள் விற்று வந்ததா, புதிதாகச் சேர்கிறவர்கள் கட்டிய முன்பணமா என்பது அந்த பில்களிலேயே தெரிந்துவிடும். பலரிடம் பணம் திரட்டி ஒரே திட்டமாக நடத்தினால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு வேண்டும், பதிவு எண்ணை செபி இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். டெபாசிட் என்ற பெயரில் வாங்கி ஏமாற்றினால் 1997இன் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். ஆனால் பணம் திரும்ப வருவதற்குள் பிள்ளைகள் கல்லூரி முடித்துவிடுவார்கள். நான் சொன்ன ஆலை அதிபர் பில் கேட்டார். அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பவில்லை.

கடற்பாசி தனிக் கதை, நீளமாக எழுத வேண்டியது. ராமநாதபுரம் கடலோரத்தில் கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசியின் வளர்ப்பு பல ஆயிரம் குடும்பங்களுக்குக் கைச்செலவு கொடுத்திருக்கிறது, 2013 வாக்கில் கடல் சூடேறியதில் பெருமளவு அழிந்தும் போயிருக்கிறது. 127.71 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா வருகிறது. நல்ல முயற்சி. பங்குச் சந்தையில் நேரடியாக வாங்க அதில் இப்போது ஒன்றும் இல்லை.

என் பணத்தைப் பொறுத்தவரை, மீன் தீவனத்துக்குப் போகும் பாசி டிஎச்ஏவைத்தான் இப்போது கவனித்துவருகிறேன். சோலாசைமின் மிச்சத்தை வாங்கிய கார்பியன், பிரேசிலின் அதே ஆலையில் அதைத் தயாரித்து, சால்மன் பண்ணைகளுக்கான தீவனத்துக்கு விற்கிறது. இந்தப் பொருளுக்குப் போட்டி கச்சா எண்ணெய் இல்லை, மீன் எண்ணெய். மீன் எண்ணெயில் கணிசமான பங்கு பெரு நாட்டு நெத்திலியிலிருந்து வருகிறது. 2023இல் எல் நினோ என்ற கடல் சூடேற்றத்தால் அங்கே முதல் மீன்பிடிப் பருவத்தையே ரத்து செய்தார்கள், மீன் எண்ணெய் விலை எகிறியது, தீவனக் கம்பெனிகள் பாசியைத் தேடி வந்தன. மறு வருடம் நெத்திலி திரும்பியதும் விலை இறங்கியது. அதனால் பெரு அரசு பருவத்துக்குப் பருவம் அறிவிக்கும் நெத்திலி ஒதுக்கீட்டைப் பார்த்துவிட்டுத்தான் கார்பியனின் அறிக்கையைத் திறக்கிறேன். நெத்திலி நிறையக் கிடைக்கும் வருடத்திலும் பாசிப் பிரிவு லாபத்தில் நின்றால், அப்போது இன்னும் கொஞ்சம் பணம் போடுவேன்.